சைலன்சர் முனை மங்கிப் புள்ளி விழுந்துவிட்டது, வீட்டிலேயே பாலிஷ் போடலாமா?

முத்துநகர் டிரைவர்:
வணக்கம். ஊர் தூத்துக்குடி. டர்போ பெட்ரோல் கார், பின்னால் இரட்டைக் குழாய். உள்பக்கம் முழுக்கக் கரி அப்பிக் கிடக்கிறது. வெளியே பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறது, வெல்ட் போட்ட இடத்தில் லேசாகப் பொன்னிறமும் ஏறியிருக்கிறது. இது போதாதென்று, வாட்டர் வாஷுக்கு விட்ட இடத்தில் என்னைக் கேட்காமலே ஏதோ ஆசிட்டைத் தடவிவிட்டார்கள், அதிலிருந்து வலப்பக்கக் குழாய் வெளுத்து மங்கலாக நிற்கிறது. புதுசு மாற்றாமல் வீட்டிலேயே சரி செய்ய வழி இருக்கிறதா? பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் போடலாமா?

பீளமேடு லேத்:
கம்பி நாரைத் தொடாதீர்கள். சாதா இரும்பு நாராக இருந்தால் அதன் துகள் குழாயில் ஒட்டிக்கொண்டு, அந்தத் துகளே துருப்பிடித்துப் புதிதாகப் புள்ளி கிளம்பும்.

முதலில் அது என்ன உலோகம் என்று பாருங்கள் தம்பி, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை, அல்லது பட்டும் படாமல் ஒட்டுகிறது என்றால் அநேகமாக 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தைரியமாகத் தேய்க்கலாம். நன்றாக ஒட்டினால் இரண்டு வாய்ப்பு: ஒன்று, இரும்பின் மேல் குரோம் முலாம், இன்னொன்று 409 ரக ஸ்டெயின்லெஸ், அதிலும் காந்தம் ஒட்டும். ஓரத்தில் தோல் உரிந்தோ கொப்புளம் விட்டோ இருந்தால் குரோம்தான். குரோம் என்றால் உப்புத்தாளே ஆகாது. மேலே இருக்கிற குரோம் படலம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்கூட வராது, நாலு இழுப்பில் போய்விடும், போனால் வீட்டில் திரும்ப வராது.

ஸ்கார்பரோ அண்ணை:
இங்கே கனடாவில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுவார்கள், அதனால் இந்தப் புள்ளி எனக்கு நல்ல பழக்கம். உங்களுக்குக் கடல் காற்று, எங்களுக்கு ரோட்டு உப்பு, இரண்டிலும் உப்பில் இருக்கிற குளோரைடுதான் வேலையைக் காட்டுகிறது. குரோம் என்றால் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கோ. அலுமினியம் குரோமை விட மென்மை, கீறாது, மேலாகப் பிடித்த துரு மட்டும் வழிந்து வரும். குரோமே உரிந்துபோன இடத்துக்கு இது உதவாது.

முத்துநகர் டிரைவர்:
காந்தம் வைத்துப் பார்த்தேன் அண்ணா. வெளி முனை இரண்டிலும் ஒட்டவே இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற மெல்லிய குழாயில் மட்டும் டப்பென்று ஒட்டுகிறது.

பீளமேடு லேத்:
அப்படியென்றால் நல்ல செய்தி. முனை தேறும். உள்குழாய் துரு நிறத்தில் இருப்பது சகஜம், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

வண்டியை ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் ஆரம்பியுங்கள், குழாய் சுத்தமாக ஆறியிருக்க வேண்டும். பம்பரில் மாஸ்கிங் டேப்பும் பேப்பரும் ஒட்டுங்கள், பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக்கில் பாலிஷ் பட்டால் வெள்ளைக் கறை லேசில் போகாது. குழாய்க்குள் ஒரு பழந்துணியைத் திணித்து, அதன் வால் வெளியே நன்றாகத் தொங்குகிற மாதிரி விடுங்கள், எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. ஆசிட் பட்ட பக்கத்தை முதலில் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். கரிக்கு டிகிரீசர் (பிசுக்கு நீக்கும் திரவம்) அடித்து ஊறவிட்டு, பிளாஸ்டிக் பிரஷ் போதும். உலர்ந்த கரியைச் சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள், அது நுரையீரலுக்கு ஆகாது. கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

அப்புறம் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்; நம்பர் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும். 600, 1000, 1500, 2000 என்ற வரிசையில், எப்போதும் தண்ணீரோடு. இதில் பலர் விடுவது ஒன்றுதான்: ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றுங்கள். 600-ஐக் குழாயைச் சுற்றி இழுத்தால் 1000-ஐ நீளவாக்கில் இழுங்கள். பழைய கீறல் குறுக்கே தெரிந்துகொண்டே இருக்கும், அது ஒன்றுகூட மிச்சமில்லாமல் மறைந்த பிறகுதான் அடுத்த தாள். அவசரப்பட்டால் 600-இன் கோடு கடைசிப் பளபளப்பிலும் பல்லைக் காட்டும். முடிவில் பிராசோ, ஆட்டோசால் மாதிரி ஒரு மெட்டல் பாலிஷ். துணியில் கறுப்பாக வரும், பயப்பட வேண்டாம், பாலிஷ் வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தப் பொன்னிறமும் இதிலேயே போய்விடும், அது சூட்டில் ஏறிய ஆக்சைடு படலம்தான்.

அடையாறு ஆயில்:
தேய்ப்பதற்கு முன்னால் அந்தக் கரியை விரலால் தொட்டுப் பாருங்கள் சார். மாவு மாதிரி உலர்ந்து இருக்கிறதா, பிசுபிசுவென்று எண்ணெய்ப் பதமா? எண்ணெய்ப் பதம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது, டிப்ஸ்டிக்கில் அளவு குறைகிறதா பாருங்கள், மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். உலர்ந்த கரி வேறு கதை. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கிற என்ஜின்களில், அதுவும் பக்கத்துத் தெருவுக்குப் போய்வருகிற ஓட்டத்தில், கரி கூடுதலாகத்தான் படியும். வழக்கத்தை விட அதிகம் என்று தோன்றினால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். காலையில் குழாயில் தண்ணீர் சொட்டுவது பழுது இல்லை, பெட்ரோல் எரிந்தால் நீராவி வரத்தான் செய்யும்.

முத்துநகர் டிரைவர்:
உலர்ந்த கரிதான், ஆயில் அளவும் சரியாக இருக்கிறது. இடப்பக்கம் முடித்துவிட்டேன், நம்பர் பிளேட்டின் நிழல் அதில் தெரிகிறது! வலப்பக்கமும் வெளுப்பு போய்விட்டது, ஆனால் அடிப்பகுதியில் ஊசி குத்தினது போல் சின்னச் சின்னக் குழிகள் மட்டும் போகவில்லை. 400 போட்டுத் தேய்க்கட்டுமா?

பீளமேடு லேத்:
நகத்தை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் குழி ஆழம். அதை எடுக்கச் சுற்றியுள்ள உலோகம் முழுவதையும் அந்த ஆழத்துக்குக் குறைக்க வேண்டும், மெல்லிய தகட்டில் அது தேவையில்லாத வேலை. தட்டவில்லை என்றால் 400-இல் தொடங்கி மறுபடி வரிசையாக வாருங்கள். ஆழமான குழிக்குள் பாலிஷ் தங்காமல் மெல்லிய பிரஷால் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, துடைத்துக் காயவிடுங்கள். உங்கள் ஊருக்கு வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் குழாயை அலசுவது எந்த மெழுகை விடவும் மேல். இனி வாஷுக்கு விடும்போது குழாயில் ஆசிட் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.