பெர்லினில் முகவரிப் பதிவு: யாராவது வழி சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை படிக்க பெர்லின் வந்து பத்து நாள் ஆகிறது. வெட்டிங் பகுதியில் ஒரு அறை கிடைத்தது. சமையலறை மூன்று பேருக்கும் பொது. முதல் நாள் குக்கர் விசில் அடித்ததும் பக்கத்து அறைப் பையன் செருப்புகூடப் போடாமல் மாடிப்படி இறங்கி ஓடிவிட்டான். தீ எச்சரிக்கை மணி என்று நினைத்தானாம். இப்போது அவனே சாம்பார் கேட்கிறான், அது வேறு கதை.

என் சிக்கல் அன்மெல்டுங், அதாவது இந்த முகவரிப் பதிவு. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் தேவை. கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் எனக்கு உள்வாடகைக்கு விட்டவர் "அதெல்லாம் எதுக்கு?" என்று நழுவுகிறார். பதியாவிட்டால் வரி எண் தபாலில் வராது. பகுதிநேர வேலைக்குப் போனால் வரியை அதிகமாகப் பிடித்துவிடுவார்கள். பிளாக்டு அக்கவுண்டிலிருந்து (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் எடுக்கும் கணக்கு) மாதம் 992 யூரோதான் வருகிறது, அதில் வாடகையே 520.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அவரிடம் எப்படிப் பேசினீர்கள், இல்லை அறையையே மாற்றினீர்களா? பதிவு அலுவலகத்தில் அடுத்த மாதம்தான் நேரம் காட்டுகிறது. சீக்கிரம் பிடிக்க வழி உண்டா?

அப்புறம், யூ6 அல்லது யூ8 ரயில் தடத்தில், பதிவுத் தாளோடு 550 யூரோவுக்குள் அறை இருந்தால் சொல்லுங்கள். வேண்டுமானால் குக்கரை இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன்.