பச்சைப் புல் நாவாய்ப்பூச்சி: முட்டை இடுது, பொரிக்க மாட்டேங்குது

காட்பாடி பக்கம் பாலாற்றங்கரைப் புல்வெளியில் வலை வீசினால் கிடைக்கும் மெல்லிய பச்சை மிரிட் பூச்சியின் (மிரிட் என்பது நாவாய்ப்பூச்சிகளில் ஒரு குடும்பம்) வாழ்க்கைச் சுழற்சியைப் பதிவு செய்யப் பார்க்கிறோம். முட்டைக் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை.

நீளம் சுமார் 5 மி.மீ., உணர்கொம்பு சிவப்பு, அதன் முதல் கணுவில் செங்கோடுகள். தலையில் தனிக்கண் (கூட்டுக்கண் தவிர இருக்கும் சிறு கண்) கிடையாது, முன்னிறக்கையில் ஆப்பு வடிவத் துண்டு இருக்கு, அதனால் மிரிட்தான். டிரைகோனோடைலஸ் பேரினம் என்று நினைக்கிறோம். பிடித்தது கார்த்திகை மழைக்குப் பிறகு, பனி காய்ந்த நேரத்தில். (ஈரத்தில் வீசினால் துணியில் ஒட்டி உணர்கொம்பு முறியும், அடையாளமே போச்சு.)

முதலில் அருகம்புல் தண்டை வெட்டித் தண்ணீர்ப் புட்டியில் வைத்தோம். பெண் பூச்சி இலையுறைக்குள் (தண்டைச் சுற்றியிருக்கும் இலையின் அடிப்பகுதி) முட்டையைச் செருகிவிடும். லென்ஸில் முட்டையின் மூடி மட்டும் வெளிறிய புள்ளியாகத் தெரியும். 4ஆம் நாள் உறை சுருங்குது, முட்டையும் சப்பையாகிடுது. முட்டை செடியிலிருந்துதான் ஈரம் இழுக்கும், தண்டு வாடினால் அவ்வளவுதான். ஈரப்பஞ்சு சுற்றினால் பூஞ்சணம்.

அடுத்து வேரோடு தொட்டியில் நட்டு மஸ்லின் துணி கட்டினோம், அறை 28 டிகிரி. புல் பச்சையாகவே நிற்குது, ஆனால் 14 நாளாகியும் ஒரு குஞ்சு இல்லை. வெளியிலிருந்து முட்டையோடு கொண்டுவந்த தண்டிலோ முட்டைக்குள் ஒட்டுண்ணியாக வளரும் பொடிக் குளவிகள்தான் வந்தன.

இந்தப் பூச்சியை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: முட்டையிட விடும்போது கதிர் விட்ட புல்தான் வேண்டுமா, இளந்தழையே போதுமா?