புதுப்பிப்பு: கையுறைப் பெட்டிக்குள் நிறம் மாறாத ஊடகம்

சதுப்புநிலச் சேற்று நுண்ணுயிர்களை வளர்க்கும் எங்கள் பல்கலைக்கழக ஆய்வகத்தின் ஆக்சிஜனற்ற கையுறைப் பெட்டியில் (வெளியிலிருந்தே கைவிட்டு வேலை செய்யக் கையுறைகள் பொருத்திய மூடிய பெட்டி), ஆக்சிஜனை நீக்கும் சிஸ்டீன் சேர்த்த வளர்ப்பு ஊடகம் ஏன் இளஞ்சிவப்பாகவே நிற்கிறது என்று இரண்டு வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். ஆக்சிஜன் இல்லையென்றால் அதிலுள்ள ரெசசூரின் என்ற நிறங்காட்டி நிறமிழந்திருக்க வேண்டும். கையுறையில் ஓட்டை இருக்கும் என்றே பலர் சொன்னீர்கள்.

ஓட்டை இல்லை. மணிக்கட்டு வளையம், கதவு ரப்பர் எல்லாவற்றிலும் சோப்புநீர் தடவிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட எழவில்லை. ஆனால் நல்ல கையுறை வழியாகவும் ஆக்சிஜன் மெல்ல ஊடுருவும். அதைப் பெட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜனோடு சேர்த்து நீராக்க வேண்டியது பல்லேடியம் வினையூக்கி. அதுதான் செயலிழந்திருந்தது.

காரணம் நாங்கள் வளர்க்கும் உயிர்களேதாம்! சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. அது பல்லேடியத்துக்கு நஞ்சு. சிங்கப்பூரின் சுங்கை பூலோ அலையாத்திக் கரையில் நடந்தவர்களுக்கு அந்த அழுகிய முட்டை வாடை தெரிந்திருக்கும்.

வினையூக்கியை அடுப்பில் உலர்த்தச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. ஈரம் போயிற்று, நஞ்சு போகவில்லை. புதிய பல்லேடியம் மணிகளை இட்டு, பக்கத்தில் சல்பைடை உறிஞ்சும் கரித்தட்டு ஒன்றையும் வைத்தோம். உருவாகும் நீரை வாங்க சிலிக்கா ஜெல்லையும் மாற்றினோம்.

நேற்றுக் காலை புதிய குப்பிகளை உள்ளே வைத்தேன். மதியத்துக்குள் ரோஜா நிறம் வெளுத்து, ஊடகம் தண்ணீர்போல் தெளிந்திருந்தது. அவ்வளவு மகிழ்ச்சி! இன்று சேற்று மாதிரிகளை உள்ளே கொண்டு போகிறேன்.