ஹார்ட் டாக்டர் தொடரச் சொல்கிறார், கிட்னி டாக்டர் நிறுத்தச் சொல்கிறார். அப்பாவுக்கு எந்தச் சீட்டைப் பின்பற்றுவது?

காவிரிக்கரை:

வணக்கம். அப்பாவுக்கு 68 வயது, திருச்சியில் அம்மாவோடு இருக்கிறார், நான் ஓசூரில். சுகரும் பிரஷரும் ரொம்ப வருடமாக உண்டு. சில வருடம் முன்பு அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள், எக்கோவில் இதயத்தின் பம்பிங் திறன் 32 சதவீதம். போன மாதம் கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ராத்திரி முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார், எங்களிடம் மூச்சு விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணித்தான் தெரியும். அட்மிட் பண்ணி, நரம்பு வழியாக லாசிக்ஸ் போட்டு நீரை இறக்கி, ஐந்து கிலோ குறைந்து வீட்டுக்கு வந்தார்.

இப்போது சாப்பிடுவது: சாக்குபிட்ரில்-வல்சார்டன், மெட்டோப்ரோலால், ஸ்பைரனோலாக்டோன் 25, டாபாகிளிஃப்ளோசின் 10, நீர் மாத்திரையாக டார்செமைட் 20, அப்புறம் ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை.

சேரும்போது ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.5 இருந்தது. இப்போது 1.9, பொட்டாசியம் 5.1. கிரியேட்டினின் ஏறிவிட்டதே என்று பயந்து தனியாக ஒரு கிட்னி டாக்டரிடம் காட்டினோம். அவர் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு சாக்குபிட்ரில், ஸ்பைரனோலாக்டோன், டாபா மூன்றையும் பேனாவால் அடித்துவிட்டார். ஹார்ட் டாக்டரிடம் கேட்டால் ஒன்றையும் நிறுத்தாதீர்கள் என்கிறார். அம்மா இரண்டு ஃபைலையும் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துக்கொண்டு எனக்கு வீடியோ கால் போடுகிறார். நான் என்ன சொல்ல? நடுவில் மாமா வேறு, வாழைத்தண்டு ஜூஸ் கொடு, கிட்னி சுத்தமாகும் என்கிறார்.

பச்சிலை:

எங்கள் பெரியம்மாவுக்கும் இதே கதைதான். இத்தனை மாத்திரை போட்டால் எந்தக் கிட்னி தாங்கும்? எல்லாவற்றையும் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள், கிரியேட்டினின் தானாக இறங்கும்.

வார்டு ரவுண்ட்ஸ்:

பச்சிலை சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். கிரியேட்டினின் இறங்கலாம், அதே வாரம் அப்பா மறுபடி மூச்சு வாங்கி எமர்ஜென்சிக்கும் வரலாம். நான் மெடிசின் வார்டில் வேலை பார்க்கிறவன், உங்கள் அப்பாவை நேரில் பார்க்காமல் மாத்திரை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு டாக்டர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் ஒன்று. இதயம் ஒவ்வொரு நிமிடமும் வெளியே தள்ளுகிற ரத்தத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கிட்னிக்குத்தான் போகிறது. அதனால் பம்பிங் குறைந்தால் கிட்னிக்கு ரத்தம் போதாது, கிரியேட்டினின் ஏறும் என்றுதான் ரொம்ப காலம் எல்லோரும் நினைத்தோம். அது பாதிதான் உண்மை. இதயம் வாங்கித் தள்ள முடியாத ரத்தம் சிரைகளில் தேங்கி, அந்த அழுத்தம் பின்னாடியே கிட்னி வரை போகிறது. தெருச் சாக்கடை அடைத்தால் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் நிற்கிற மாதிரி, கிட்னியிலிருந்து ரத்தம் வெளியேறவே சிரமப்படும். உங்கள் அப்பா சேரும்போது இருந்த 1.5-இல் ஒரு பகுதி இந்தத் தேக்கத்தால் வந்ததாகக்கூட இருக்கலாம். நீரை இறக்கிய பிறகு சிலருக்குக் கிரியேட்டினின் குறைகிறது, சிலருக்குக் கொஞ்சம் ஏறுகிறது. வீக்கம் வடிந்து, மூச்சு சரியாகி, அதோடு எண் சற்று ஏறியிருந்தால் அது வேறு. வீக்கம் அப்படியே இருக்க எண் ஏறினால் அதுதான் கவலை. ரிப்போர்ட் தாளை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. காலை அமுக்கிப் பார்க்கணும், கழுத்துச் சிரையைப் பார்க்கணும், எடை கேட்கணும்.

அடுத்தது உங்கள் கணக்கு. 1.5-இலிருந்து 1.9 என்றால் ஏறக்குறைய 27 சதவீத ஏற்றம். வல்சார்டன் வகை மருந்து தொடங்கி முதல் நான்கு வாரத்துக்குள் 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை, திரும்பத் திரும்ப டெஸ்ட் பண்ணிக் கண்காணித்தால் போதும் என்பதுதான் கிட்னி டாக்டர்களே வைத்திருக்கிற வழிகாட்டு நெறி. இந்த மருந்துகள் கிட்னியின் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கின்றன, அதனால் எண் ஆரம்பத்தில் கொஞ்சம் மோசமாகத் தெரியும், நாளடைவில் அதுவே கிட்னியைக் காப்பாற்றும். டாபாவும் அப்படித்தான், முதல் வாரங்களில் ஒரு சின்னச் சறுக்கல் வரும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற கொடுமை. அந்த மாத்திரை 2019-இல் பம்பிங் குறைந்தவர்களிடமும், 2020-இல் கிட்னி நோயாளிகளிடமும் தனித்தனியாகப் பெரிய ஆய்வுகளில் பலன் காட்டியது, அதிலும் சுகர் இல்லாதவர்களுக்கும் சேர்த்து. ஹார்ட் டாக்டரும் கிட்னி டாக்டரும் ஒரே மாத்திரையை எழுதுகிற காலம் இது, உங்கள் வீட்டில் மட்டும் ஒருவர் எழுதி ஒருவர் அடித்திருக்கிறார்.

ஆனால் கிட்னி டாக்டர் பயந்ததற்கும் காரணம் இருக்கிறது. ஸ்பைரனோலாக்டோனும் வல்சார்டனும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறும். 5.1 என்பது நிறுத்துகிற எண் இல்லை, கூர்ந்து கவனிக்கிற எண். 5.5 தாண்டினால் ஸ்பைரனோலாக்டோனைப் பாதியாக்குவார்கள், 6 தாண்டினால் நிறுத்துவார்கள், அந்த அளவில் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். 1999-இல் இந்த மாத்திரை உயிர் காக்கிறது என்று ஆய்வு வந்ததும் கனடாவின் ஒன்டாரியோவில் எல்லோருக்கும் தாராளமாக எழுதினார்கள். பின்னாலேயே பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்கள் கூடினார்கள். மருந்தில் குறை இல்லை, ரத்தப் பரிசோதனை செய்யாமல் கொடுத்ததுதான் குறை.

கேட்க வேண்டியது: அப்பாவின் பிரஷர் எவ்வளவு, எழுந்தால் தலை சுற்றுகிறதா, நாக்கு வறண்டிருக்கிறதா, எடை இறங்கிக்கொண்டே போகிறதா? அப்படியென்றால் நீர் அதிகமாகப் போயிருக்கலாம், முதலில் கைவைக்க வேண்டியது டார்செமைட்டில். கிட்னி டாக்டர் அடித்த மூன்றும் ஆயுளைக் கூட்டுகிற மருந்துகள், டார்செமைட் தொந்தரவைக் குறைக்கிற மருந்து. வெட்டும்போது நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அப்புறம் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டுகிற ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பார்த்தார்களா என்று கேளுங்கள், சுகர் இருக்கிறவருக்கு அது இல்லாமல் கிட்னி கதை பாதிதான் தெரியும். அடுத்த வாரமே கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டும் மறுபடி எடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு டாக்டர்களையும் போனில் பேசச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒரு வரிக் கடிதம் வாங்கிப் போனாலும் போதும், கடைசியில் வீட்டில் ஒரே சீட்டுதான் இருக்கணும்.

வாழைத்தண்டு ஜூஸ் வேண்டாம். அதிலும் பொட்டாசியம்.

மாத்திரை அட்டை:

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டாக்டர் சொன்னதோடு கவுண்டரில் நான் பார்க்கிறதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா மூட்டு வலிக்கு ஏதாவது வாங்கிப் போடுகிறாரா? டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எதுவாக இருந்தாலும் வல்சார்டன், நீர் மாத்திரை இரண்டோடும் சேர்ந்தால் கிட்னிக்கு நேரடி அடி, நீரும் உடம்பில் தங்கும். வலிக்குப் பாராசிட்டமால்தான், அதுவும் தண்ணீரில் போட்டால் நுரைக்கிற வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம்.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். டாபா போடுகிறவர்களுக்கு அந்த இடத்தில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரும். வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் சொல்லாமல் கடைக்கு வந்து, யூரின் எரிச்சலுக்கு ஒரு சிரப் கொடு என்பார்கள். அந்தச் சிரப்களில் சிலது பொட்டாசியம் சிட்ரேட். இளநீரும் அப்படியே, ஒன்றில் 500, 600 மில்லிகிராம் பொட்டாசியம் சாதாரணமாக இருக்கும். பிரஷருக்கு நல்லது என்று விற்கிற சோடியம் குறைந்த உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பொட்டாசியம் குளோரைடு என்று போட்டிருக்கும். மகன் நல்லெண்ணத்தில் ஆன்லைனில் வாங்கி அனுப்புவார், அப்பா ஐசியூவில் இருப்பார்.

வைகை:

நீங்கள் இதயத்திலிருந்து கிட்னிக்குப் போகிறீர்கள், நாங்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறோம். என் வீட்டுக்காரருக்குக் கிட்னிதான் முதலில் போனது, டயாலிசிஸ் நடக்கிறது. இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்றுதான் இருந்தோம். பிறகு எக்கோவில் இடது அறைச் சுவர் தடித்திருக்கிறது என்றார்கள், பிரஷரும் நீரும் சேர்ந்து செய்கிற வேலையாம். கிட்னி நோயாளிகள் நிறையப் பேருக்குக் கடைசியில் எமனாக வருவது இதயம்தான் என்று அங்கே நர்ஸம்மா சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

டயாலிசிஸ் ரூமில் முதல் வேலை எடை மிஷினில் ஏறுவது. போன தடவை முடிந்தபோது இருந்ததைவிட எத்தனை கிலோ கூடியிருக்கிறதோ அவ்வளவு நீரையும் நாலு மணி நேரத்தில் இழுக்கணும். மூன்று கிலோ, நாலு கிலோ என்று வருகிறவர்களுக்குப் பாதியிலேயே பிரஷர் விழுந்து, கெண்டைக்கால் பிடித்து இழுத்து, கத்துவார்கள். ஞாயிறு சேர்ந்த நீண்ட இடைவெளிக்குப் பிறகு திங்கட்கிழமை வருகிறவர்களைப் பார்த்தாலே தெரியும், முகம் உப்பி, பேச மூச்சு வராது. தண்ணீரைக் குறை என்று திட்டிப் பயனில்லை. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் உள்ளே போனால் தாகம் தானாக வரும். உப்பை நிறுத்திய பிறகுதான் இவருக்குத் தண்ணீர் அளவு கட்டுக்குள் வந்தது.

ஒரு தடவை நெஞ்சு கனமாக இருக்கிறது என்று ராத்திரி வேறொரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற ட்ரோபோனின் அதிகம், அட்டாக் என்று உடனே பணம் கட்டச் சொன்னார்கள். எங்கள் ஃபைலில் பழைய ட்ரோபோனினும் கிட்டத்தட்ட அதே அளவு இருந்தது. அதைக் காட்டியதும் ஒரு சின்ன டாக்டர் நிதானித்து, மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார், ஏறவில்லை. கிட்னி பழுதானவர்களுக்கு அது எப்போதுமே கொஞ்சம் ஏறித்தான் இருக்குமாம். பழைய ரிப்போர்ட்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

வார்டு ரவுண்ட்ஸ்:

வைகை அம்மா சொன்னது சரி, ட்ரோபோனினில் ஏற்ற இறக்கம்தான் முக்கியம், ஒற்றை எண் இல்லை. அதற்காக நெஞ்சுவலியை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், போகத்தான் வேண்டும்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவிடம் கேட்டேன், மூட்டு வலிக்கு அப்பா டைக்ளோஃபெனாக் போட்டிருக்கிறார், அதுவும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு! அதை இரண்டு டாக்டரிடமும் யாரும் சொல்லவில்லை. இன்றே எடுத்து ஒளித்துவைக்கச் சொல்லிவிட்டேன். நாளை ஹார்ட் டாக்டர் கிட்னி டாக்டரோடு பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு கேள்வி மட்டும்: மறுபடி ஆஞ்சியோ எடுக்கலாமா என்று பேச்சு இருக்கிறது. அதில் ஏற்றுகிற சாயம் கிட்னியைக் கெடுக்கும் என்கிறார்களே?

வார்டு ரவுண்ட்ஸ்:

டைக்ளோஃபெனாக் விஷயத்தைக் கட்டாயம் இரண்டு பேரிடமும் சொல்லுங்கள், 1.9-க்கு அதுவே காரணமாக இருக்கலாம், மூன்று மாத்திரைகளும் அநியாயமாகப் பழி சுமந்திருக்கலாம்.

ஆஞ்சியோ பற்றி: அட்டாக் வந்து எடுக்கிறார்கள் என்றால் கிரியேட்டினினைப் பார்த்துத் தயங்கக் கூடாது. வலி இல்லாமல் நிலையாக இருக்கிறவருக்கு என்றால், எடுத்து என்ன மாற்றப்போகிறீர்கள் என்று கேளுங்கள். கிட்னி மிகவும் மோசமான, ஆனால் இதயம் நிலையாக இருந்த 777 பேரிடம் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், முதலிலேயே ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று போனவர்களுக்கு மரணமோ அட்டாக்கோ குறையவில்லை. உங்கள் அப்பாவின் கிட்னி அந்த அளவு மோசம் இல்லை, 1.9-க்கு வடிகட்டும் திறன் 38 பக்கம் வரும், அதனால் அந்த முடிவை அப்படியே இவருக்குப் பொருத்த முடியாது. பம்பிங் குறைந்தவர்களை அதில் பெரும்பாலும் சேர்க்கவும் இல்லை. எடுத்தே ஆக வேண்டுமென்றால் சாயத்தைக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்னாடி டிரிப்ஸ் ஏற்றுவது இவர் விஷயத்தில் இரண்டு டாக்டரும் பேசி முடிவு பண்ண வேண்டியது, ஏனென்றால் கிட்னிக்கு நல்லது என்று ஏற்றுகிற அதே நீர் நுரையீரலில் போய் நிற்கும். எடுத்து இரண்டு மூன்று நாளில் கிரியேட்டினின் மறுபடி பாருங்கள், டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.