அப்பாயி வீட்டுக் குழு, நவம்பர் 25, 2025

6:05 சேகர்: அம்மா நேற்று இரவு 11:30க்குப் போய்விட்டார்கள். குழுவில் இல்லாதவர்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். எப்போது எடுப்பது என்பது அண்ணன் வருவதைப் பொறுத்துத்தான்.

6:09 கவிதா: அய்யோ அப்பாயி 🙏

6:14 பிரகாஷ்: திருப்பூரிலிருந்து கிளம்பிவிட்டேன் மாமா. குன்னூர் வழியா, கோத்தகிரி நேர் ரோடா?

6:15 தேவி: நேர் ரோட்டில் வா. மிஸ்ட் அதிகம், மெதுவாக ஓட்டு.

6:31 ராஜு: ஜித்தா கொச்சி ஃபிளைட் ரத்து. எரிமலைச் சாம்பலாம். நாளை இடம் தருகிறேன் என்கிறார்கள், உறுதி சொல்லவில்லை. நான் முகம் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள்.

6:33 சேகர்: அப்பாவுக்கும் இப்படித்தான் ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம்.

6:33 கவிதா: சித்தப்பா, இப்போது அது வேண்டாமே.

6:36 ராஜு: அன்றைக்கு லீவு தரவில்லை. இன்றைக்கு ஃபிளைட் இல்லை. நான் என்னதான் செய்ய சேகர்?

6:50 முருகேசன்: *பலமுறை பகிரப்பட்டது* எச்சரிக்கை!! இன்று இரவு எரிமலைச் சாம்பல் விஷ மழையாகப் பெய்யும். நீலகிரி மக்கள் வெளியே வர வேண்டாம். தொட்டபெட்டாவும் எரிமலையே. எந்நேரமும் வெடிக்கலாம். அனைவருக்கும் பகிரவும்!!

6:51 முருகேசன்: கட்டபெட்டில் எதிரே வரும் ஆள் தெரியவில்லை. இது சாம்பல்தானா?

6:52 தேவி: மிஸ்ட் அண்ணா. கார்த்திகையில் வேறென்ன வரும்.

7:04 சரோஜா: முருகேசா, அதை இனி எங்கும் அனுப்பாதே. ஜனங்கள் பயந்து சாவு வீட்டுக்கு வராமல் நின்றுவிடுவார்கள். எத்தியோப்பியாவில் அஃபார் பகுதியில் ஹெய்லி குப்பி என்ற எரிமலை ஞாயிறு காலை வெடித்தது. போன 12,000 ஆண்டுகளில் அது வெடித்ததாகப் பதிவே கிடையாது. சாம்பல் 14 கிலோமீட்டர் வரை எழும்பியது. காற்று அதைச் செங்கடல் தாண்டி ஏமன், ஓமன் வழியாக நேற்று இரவு டெல்லிக்கு மேலே கொண்டுவந்துவிட்டது. இன்று இரவுக்குள் சீனா பக்கம் விலகிவிடும் என்று வானிலைத் துறை சொல்கிறது. எல்லாம் விமானம் பறக்கும் உயரத்தில். நம் தலையில் விழாது. தொட்டபெட்டா எரிமலையும் இல்லை, அது சார்னோகைட் பாறை, பூமியின் ஆழத்தில் உருவானது. இந்தியாவில் இப்போது சீறும் எரிமலை அந்தமானில் பாரன் (Barren) தீவில் மட்டும்தான்.

7:05 பிரகாஷ்: அம்மா, ரிட்டையர் ஆகியும் ஜியாகரபி பீரியட் முடியவில்லை.

7:06 சரோஜா: வண்டி ஓட்டும்போது போனை எடுக்காதே.

7:06 பிரகாஷ்: டீ குடிக்க நிறுத்தினேன் அம்மா.

7:11 ராஜு: சரோஜா, இங்கே வானம் தெளிவாகத்தானே இருக்கிறது. அடுப்புச் சாம்பல் மாதிரி ஒன்றுக்கு ஏன் ஃபிளைட்டை நிறுத்துகிறார்கள்?

7:19 சரோஜா: அடுப்புச் சாம்பல் இல்லை அண்ணா. பாறையும் கண்ணாடியும் பொடியானது. இன்ஜின் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். 1982இல் இந்தோனேசியாவில் காலுங்குங் வெடித்தபோது பிரிட்டிஷ் விமானம் ஒன்று ராத்திரியில் அதற்குள் போய்விட்டது. நான்கு இன்ஜினும் நின்றன. சாம்பலை விட்டுக் கீழே இறங்கிய பிறகுதான் மறுபடி ஓடின, ஜகார்த்தாவில் இறக்கினார்கள். நாளை இல்லையென்றால் நாளன்றைக்கு வாருங்கள். அம்மாவை அனுப்பும் நேரத்தில் உங்களையும் நினைத்துப் பயப்பட என்னால் முடியாது.

7:20 ராஜு: 🙏

7:24 சேகர்: நாளன்றைக்கா? காலையிலேயே இரண்டு முறை கரண்ட் போய்விட்டது அக்கா.

7:25 முருகேசன்: என் மச்சானிடம் ஜெனரேட்டர் இருக்கிறது. டீசல் நீங்கள் போட வேண்டும்.

7:26 தேவி: பந்தலுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

7:31 கவிதா: அத்தை, அந்த எரிமலைப் பக்கத்து ஜனங்கள்?

7:40 சரோஜா: ஆள் யாரும் சாகவில்லை என்கிறது செய்தி. ஆனால் அஃப்தேரா பக்கம் ஊரே சாம்பலில் கிடக்கிறது. கால்நடையை நம்பிப் பிழைக்கிறவர்கள் கவிதா. புல் மூடிப்போனால் ஆடு எதைத் தின்னும்? குடிக்கிற தண்ணீரிலும் விழுந்திருக்கும். ஃபிளைட் ஓடத் தொடங்கியதும் டிவியில் அந்த ஊர் பேச்சு நின்றுவிடும், எனக்கு அதுதான் ஆறவில்லை. அம்மா இருந்தால் முதலில் ஆட்டைத்தான் கேட்டிருப்பார்கள். 2009 நவம்பரில் மண் சரிந்து நம் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் போனார்களே, அப்போது பள்ளிக்கூடத்தில் தங்கியவர்களின் மாட்டுக்கு அம்மாதான் புல் அறுத்துப் போட்டார்கள்.

7:42 தேவி: எனக்கும் ஞாபகம் இருக்கிறது அண்ணி. தலையில் சாக்கோடு போவார்கள்.

7:48 சரோஜா: சேகர், இதைச் சொல்லியே ஆக வேண்டும். பந்தலைப் பின்பக்கம் போடாதே. சரிவில் விரிசல் இருக்கிறது. 1985இல் கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்து, உச்சிப் பனி உருகி, சேறு ஆற்று வழியே இறங்கி அர்மேரோ ஊரையே மூடியது. 20,000 பேருக்கு மேல். எந்த இடம் ஆபத்து என்று காட்டும் வரைபடம் ஒரு மாதம் முன்பே வந்திருந்தது. சாம்பல் விழத் தொடங்கிய பிறகும் வீட்டுக்குள் இருங்கள் என்றுதான் ஜனங்களுக்குச் சொன்னார்கள். உன் விரிசலை வந்து பார்த்தவர்களும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தானே போனார்கள்?

7:50 சேகர்: அம்மா நகரமாட்டேன் என்றார்கள் அக்கா. நான் எங்கே போவேன்? பட்டா இன்னும் அப்பா பேரில்தான்.

7:51 ராஜு: கையெழுத்து போடமாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்?

7:51 கவிதா: அப்பா. சித்தப்பா. 🙏

7:53 முருகேசன்: பந்தல் ரோட்டோரம் போடலாம். கவுன்சிலரிடம் நான் பேசுகிறேன். அந்த மெசேஜையும் அழித்துவிட்டேன் அக்கா. எங்கள் தெருக் குழுவில் மட்டும் அழிக்க முடியவில்லை.

7:54 சரோஜா: அங்கே நான் எழுதியதைப் போட்டுவிடு.

8:02 ராஜு: நாளை காலை 4 மணிக்கு ஒன்று. வெயிட்டிங்.

8:03 சேகர்: அப்படியென்றால் நாளை மாலை வரை பார்ப்போம். அதற்குமேல் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுதான்.

8:03 கவிதா: அப்பா வராவிட்டால் கொள்ளி யார்?

8:10 தேவி: முருகேசன் அண்ணா, ஜெனரேட்டர் எத்தனை மணிக்கு வரும்? கரண்ட் மறுபடி போய்விட்டது.