ஐ ரிலீஃபுக்குத் தமிழ்: ‘கண் நிவாரணம்’ வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பைனாகுலருக்கு ‘இருகண்நோக்கி’ என்று போன வாரம் ஒருவழியாக முடிவு செய்தோம். (வீட்டில் நான் பைனாகுலர் என்றுதான் சொல்கிறேன், ஒளிப்பானேன்.) பறவை பார்க்கப் புதிதாக வருகிறவர்களுக்கான கையேட்டில் இன்னும் இரண்டு சொற்கள் இடறுகின்றன: ஐ ரிலீஃப், எக்ஸிட் பியூப்பில்.

முதலாவதற்கு நண்பர் ஒருவர் ‘கண் நிவாரணம்’ என்று போட்டிருந்தார். ஐயா, நான் கடலூர்க்காரன். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்துப் போட்டதற்கு அப்புறம் எங்கள் ஊரில் நிவாரணம் என்றால் வரிசையில் நின்று வாங்குவது. கண் நிவாரணம் என்று படித்தால் இலவசக் கண் சிகிச்சை முகாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று கேட்பார்கள்.

பொருளைப் பார்ப்போம். கண்ணருகு வில்லையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் பின்னால் கண்ணை வைத்தால் காட்சி முழு வட்டமாகத் தெரிகிறதோ, அந்தத் தூரம். கண்ணாடி போடாதவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. என்னைப் போன்றவர்களுக்கு எல்லாமே இதுதான். கண்ணுக்கும் வில்லைக்கும் நடுவே மூக்குக்கண்ணாடி வந்து உட்கார்ந்துகொள்வதால், இந்தத் தூரம் 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் காட்சியின் ஓரங்கள் போய்விடும்.

நான் முதலில் வாங்கியது ஒரு 10×25, அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும், முன்பக்க வில்லையின் விட்டம் 25 மிமீ. சட்டைப் பையில் அடங்கும் என்றார்கள், அடங்கியது. ஊசுட்டேரிக் கரையில் நத்தைகுத்தி நாரை ஒன்று நின்றது. தூக்கிப் பார்த்தால், தண்ணீர்ப் பைப்புக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் நடுவில் துளியூண்டு காட்சி, சுற்றிலும் கறுப்பு. கண்ணாடியைக் கழற்றினால் வட்டம் முழுசாக வந்தது. ஆனால் ஏரியை வெறும் கண்ணால் துழாவவும் குறிப்பேட்டில் எழுதவும் கண்ணாடி வேண்டுமே! கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, அலகின் நடுவே இருக்கும் அந்த இடைவெளியைப் பார்ப்பதற்குள் நாரை எழும்பிவிட்டது. வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியைப் புரட்டினால் அதில் ஐ ரிலீஃப் 10 மிமீ என்று அச்சிட்டே இருந்தது. அது என்னவென்று தெரிந்தால்தானே வாங்கும்போது பார்ப்பேன்.

சரி, வந்த பரிந்துரைகள். ‘கண்விலகல்’ சொல்ல நன்றாக இருக்கிறது, ஆனால் ஒளிவிலகல் ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் குடியிருக்கிறது. அதே கருவிக்குள் இரண்டு விலகல் வேண்டாம். ‘கண்ணெட்டும் தூரம்’ என்றால் நமக்கு வானமும் கடலும் சேரும் இடம்வரை ஓடும். இங்கே பேசுவது ஒரு விரற்கடை. ‘கண்ணிடைவெளி’ என்றால் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள தூரம் என்றுதான் யாரும் படிப்பார்கள். அதுவும் வேறொரு அளவாகக் கையேட்டில் வருகிறது, குழல்களை மடக்கி விரித்துச் சரிசெய்கிறோமே, அது. ‘கண் தள்ளல்’ பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, விலையைக் கேட்டால் நடப்பது.

என் முன்மொழிவு: கண்தொலைவு. குவியத் தொலைவு பழகிய சொல். சில சென்டிமீட்டருக்கும் அதைத் தொலைவு என்றே சொல்கிறோம், யாரும் சண்டைக்கு வரவில்லை. “கண்ணாடி அணிபவர் கண்தொலைவு 16 மிமீக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள்” என்று எழுதிப் பார்த்தேன், இடிக்கவில்லை.

இரண்டாவது சொல், எக்ஸிட் பியூப்பில். ‘வெளியேறு கண்மணி’ என்று ஒரு பட்டியலில் கண்டேன். வீட்டைவிட்டுத் துரத்துவதுபோல் இல்லையா? கருவியைக் கையெட்டும் தூரத்தில் வானத்துக்கு நேரே பிடித்துக் கண்ணருகு வில்லையைப் பாருங்கள். கறுப்பு நடுவே வெளிச்சமாக ஒரு வட்டம் இருக்கும். அதன் விட்டம்தான் கணக்கு, முன்பக்க வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் வரும்: 8×42 கருவிக்கு 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மிமீ, என் பழைய 10×25க்கு வெறும் 2.5 மிமீ. உச்சிவெயிலில் நம் கண்பாவையே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால் வித்தியாசம் தெரியாது. விடியற்காலையில் பாவை விரிந்திருக்கும்போது சின்ன வட்டம் போதாமல் காட்சி மங்கும். நாமோ ஏரிக்குப் போவதே விடியற்காலையில்தான். அந்த வட்டத்தை ‘ஒளிப்பொட்டு’ என்றால் என்ன?

— கடலூர்க்காரன்

—

அண்ணா, வணக்கம். புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். இயற்பியல் ஆசிரியை என்பதால் கொஞ்சம் வம்பு செய்ய வேண்டியிருக்கிறது.

கண்தொலைவுக்கு உடன்படுகிறேன். பொட்டுதான் உறுத்துகிறது. ஒளியியலில் இதற்கு ஒரு ஜோடி உண்டு: ஒளி உள்ளே நுழையும் வட்டம், வெளியே வரும் வட்டம். இருகண்நோக்கியில் முதலாவது முன்பக்க வில்லையின் அகலமேதான், 8×42இல் 42 மிமீ. அதைப் பொட்டு என்று சொல்ல எந்தப் பெண்ணும் ஒப்பமாட்டாள். ‘நுழைபாவை, வெளிப்பாவை’ என்றால் இரண்டும் சேர்ந்து நிற்கும். பாவை நமக்குப் புதிதும் இல்லை. “கருமணியிற் பாவாய்” என்று வள்ளுவரே கருமணி வேறு, அதற்குள் தெரியும் பாவை வேறு என்று பிரித்துவிட்டார். எதிரே நிற்பவரின் குட்டி உருவம் கண்ணுக்குள் பொம்மைபோல் தெரிவதால் வந்த பெயர். லத்தீன்காரர்களும் அதே பொம்மையைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள்.

இப்படி எழுதி வைத்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை பாகூர் ஏரிக்கு மாணவிகளோடு போனேன். பள்ளியில் இருக்கும் மலிவான கருவி ஒன்றை வானத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லி, “வெளிப்பாவை தெரிகிறதா?” என்றேன். முழித்தார்கள். “சரி, வெளிச்சமா ஒரு பொட்டு தெரியுதா?” என்றதும் ஒருத்தி சொன்னாள்: “தெரியுது மிஸ், ஆனா ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு சதுரமா இருக்கு.” அப்படித்தான் இருக்கும். குழலுக்குள் ஒளியைத் திருப்பிவிடும் முப்பட்டகத்தை பிகே7 என்ற கண்ணாடி வகையில் செய்திருந்தால், அது ஓரத்து ஒளியை முழுசாகத் திருப்பாது. அதனால் வட்டத்தின் ஓரங்களில் நிழல் விழும். பேக்4 என்ற வகையில் செய்திருந்தால் பொட்டு வட்டமாகவே வரும். கடையில் நின்று பத்து விநாடியில் செய்யக்கூடிய சோதனை இது, அவள் சொல்லித்தராமலே செய்துவிட்டாள்.

ஆகவே கையேட்டில் ஒளிப்பொட்டு, என் பாடக் குறிப்பில் வெளிப்பாவை. முதல் முறை வருமிடத்தில் மட்டும் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடலாம்.

அப்புறம் ஒன்று. புணர்ச்சி பார்க்கிறேன் என்று யாராவது ‘கட்டொலைவு’ ஆக்கிவிடாதீர்கள். கண்தொலைவு என்றே இருக்கட்டும், பாவம்.