டியூப்லைட்டைச் சுற்றி ஓடும் ஆரஞ்சு, கறுப்புப் பூச்சி: எறும்பா, வண்டா?

டெல்டாவாசி:
நண்பர்களே, இடம் திருவாரூர் பக்கம். வீட்டுக்குப் பின்னால் நெல் வயல், குறுவை அறுப்பு இப்போதுதான் முடிந்தது. ராத்திரி ஏழு மணிக்கு மேல் இந்தப் பூச்சி ஹாலில் டியூப்லைட்டை ஒட்டிச் சுவரில் வேகமாக ஓடுகிறது. முதல் படம் மேலிருந்து எடுத்தது, இரண்டாவது பக்கவாட்டில். பக்கத்தில் இருப்பது ஒரு ரூபாய் நாணயம். தலை கறுப்பு, கழுத்துப் பகுதி ஆரஞ்சு, நடுவில் நீலமாக மினுங்குகிறது, அப்புறம் மறுபடி ஆரஞ்சு, வால் நுனி கறுப்பு. சீண்டினால் வாலைத் தூக்குகிறது. கடிக்குமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் கழுத்தில் கோடு இழுத்த மாதிரி கொப்புளம் வந்து, அக்கி என்று காவி எழுதியிருக்கிறார்கள். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

வயல்பூச்சி:
வண்டுதான். பீடரஸ் என்ற பேரினம். நெல் வயல்களில் அதிகம் இருப்பது பீடரஸ் ஃபுஸ்கிபஸ் என்ற சிற்றினம், ஆனால் கைபேசிப் படத்தை வைத்துச் சிற்றினம் வரை அடித்துச் சொல்வது சரியில்லை. உங்கள் தேவைக்குப் பேரினம் தெரிந்தால் போதும். சில ஊர்களில் ஆசிட் பூச்சி என்பார்கள். சிக்கிமில் 2022இல் மாணவர்களுக்குக் கொப்புளம் வந்தபோது செய்திகளில் ‘நைரோபி ஈ’ என்று அடிபட்டதும் இந்தக் கூட்டம்தான்.

எறும்பு இல்லை என்பதற்கு இரண்டாவது படமே சாட்சி. எறும்புக்கு இடுப்பு நூலாகச் சுருங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும். இதற்கு இரண்டும் இல்லை. நடுவில் மினுங்கும் நீலம் முன்னிறக்கை. அது வயிற்றின் தொடக்கத்தை மட்டும் மூடுகிறது, பறக்கும் இறக்கை அதன் கீழே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

கடிக்காது, கொட்டாது. வாலைத் தூக்குவது மிரட்டலுக்கு மட்டும், அங்கே கொடுக்கு எதுவும் இல்லை. நஞ்சு அதன் உடல் திரவத்தில் இருக்கிறது, பெயர் பெடரின். பூச்சி சும்மா மேலே ஊர்ந்து போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தோலில் வைத்து நசுக்கினால்தான் வினை.

நெல்மணி:
ஒரு சந்தேகம். நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவைத் தேடித் தின்னும் ஓஃபியோனியா என்ற தரை வண்டும் செம்பழுப்பும் கருநீலமுமாக, ஏறக்குறைய இதே நீளத்தில்தான் இருக்கும். அதுவும் விளக்குக்கு வரும். படம் கொஞ்சம் மங்கல். அதுவாக இருக்காதா?

வயல்பூச்சி:
நல்ல கேள்வி, வயலில் பலர் குழப்பிக்கொள்வது இந்த இரண்டைத்தான். ஓஃபியோனியாவுக்கு முன்னிறக்கை வயிற்றை ஏறக்குறைய முழுக்க மூடிவிடும், கருநீலப் பட்டை அந்த இறக்கையின் மேலேயே இருக்கும். பீடரஸுக்கு இறக்கை குட்டை. அதற்குப் பின்னால் ஆரஞ்சு நிற வயிற்றுக் கண்டங்கள் திறந்தே கிடக்கும், கடைசி இரண்டு மட்டும் கறுப்பு. முதல் படத்தில் அந்தக் கண்டங்களை எண்ணவே முடிகிறது. வால் நுனியில் இடுக்கி இருந்தால் அது வேறு பூச்சி, அதற்கும் இறக்கை குட்டைதான். துவரைப் பூவில் உட்காரும் கொப்புள வண்டு இதைவிடப் பல மடங்கு பெரியது.

உறுதியாக வேண்டுமென்றால் இன்னொரு படம் போடுங்கள். கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் வெள்ளைத்தாளை நுழைத்துப் பிடியுங்கள், கையால் வேண்டாம். அப்படியே மூடி ஃபிரிட்ஜில் ஐந்து நிமிடம் வைத்தால் ஓட்டம் அடங்கும். ஃபிளாஷ் போடாதீர்கள், மினுக்கும் இறக்கையில் பட்டு நிறமே மாறித் தெரியும். ஜூம் செய்யாமல் எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். நாணயத்துக்குப் பதில் ஸ்கேல் வையுங்கள், ஒரு ரூபாய் நாணயமே வெவ்வேறு அளவுகளில் புழங்குகிறது. பீடரஸ் என்றால் 7 முதல் 10 மி.மீ. வரை வரும்.

தோல்நலம்:
கொப்புளம் பற்றி. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்காமல் இன்னது என்று சொல்ல முடியாது, ஆனால் பிரித்தறிய வழி இருக்கிறது.

பூச்சி நசுங்கிய உடனே எதுவும் தெரியாது. அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் எரிச்சலும் சிவப்பும் வரும், அடுத்த சில நாட்களில் நீர்க்கொப்புளமோ சீழ்க்கொப்புளமோ ஆகும். தூக்கத்தில் கை பட்டுத் தேய்த்த பாதையிலேயே புண் வருவதால் கோடாகத் தெரியும். கழுத்து, முகம், கை எனத் திறந்த இடங்களில்தான் அதிகம். முழங்கை மடிப்பில் பட்டால், மடக்கும்போது ஒட்டும் எதிர்ப்பக்கத்திலும் அதே வடிவில் வரும். அக்கியில் பெரும்பாலும் வலி முன்னே, கொப்புளம் பின்னே. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், நரம்பு ஓடும் பட்டையில் கொத்துக் கொத்தாக எழும்பும்.

இதைப் பிரித்தறிவது வீண் வேலை இல்லை. அக்கிக்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரை உண்டு, கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ஆகவே இன்றே தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். உடைந்த கொப்புளத்தின் மேல் காவியோ மண்ணோ வேண்டாம், கிருமி சேரும்.

பூச்சி நசுங்கியது தெரிந்தால் அந்த நிமிடமே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். தேய்க்காதீர்கள். கையையும் கழுவுங்கள், அதே விரல் கண்ணுக்குப் போனால் இமை வீங்கிவிடும். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டு நன்றாக அலசி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். ஸ்டீராய்டு கிரீமை மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள், குழந்தைக்கும் முகத்துக்கும் கூடவே கூடாது. புண் ஆளுக்கு ஆள் தொற்றாது. ஆறிய பிறகு கருந்தழும்பு சில வாரங்கள் இருக்கும்.

டெல்டாவாசி:
மிக்க நன்றி. கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரேயை வீட்டுக்குள் அடிக்கலாமா?

வயல்பூச்சி:
அடித்தால் சாகும். ஆனால் செத்துக் காய்ந்த பிறகும் நஞ்சு போகாது. ஃபேன் காற்றில் படுக்கையில் விழுந்தால் அதே ஆபத்துதான். அடிப்பதைவிட உள்ளே வரவிடாமல் செய்வதே மேல், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அறைக்குள் மருந்து அடிக்காமல் இருப்பதும் நல்லது.

வெள்ளை வெளிச்சம்தான் இவற்றை இழுக்கிறது. வயல் பக்கத்து அறைகளில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கைக் கழற்றிவிட்டு 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் எல்இடி போடுங்கள், எண் அட்டைப்பெட்டியிலேயே இருக்கும். வரவு குறையும், அடியோடு நிற்காது. இருட்டுவதற்கு முன்பே அந்தப் பக்கத்துச் சன்னல்களைச் சாத்துங்கள். சன்னல் கொசுவலையை மட்டும் நம்ப வேண்டாம், உடல் அகலம் ஒரு மி.மீ. அளவுதான், பெரிய கண் உள்ள வலையில் புகுந்துவிடும். குழந்தை படுக்கும் இடத்துக்கு நேர் மேலே விளக்கு எரியக் கூடாது. படுக்கும் முன் தலையணை, போர்வையை உதறி, கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். உடம்பில் ஊர்ந்தால் அடிக்காமல் ஊதிவிடுங்கள், அல்லது தாளில் ஏறவிட்டு உதறுங்கள். காலையில் விளக்குக்குக் கீழே கிடப்பதைத் துடைப்பத்தால் கூட்டி, சோப்புத் தண்ணீரில் தரையைத் துடையுங்கள்.

இதற்காக வயலில் மருந்து அடிக்கச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். நெல்லைக் கெடுக்கும் புகையானையும் தத்துப்பூச்சியையும் இந்த வண்டு தின்கிறது. அறுப்பு முடிந்து ஒதுங்க இடமில்லாமல் விளக்குக்கு வருகின்றன. அடுத்த நடவில் பயிர் மூடியதும் பெரும்பாலும் வயலுக்கே திரும்பிவிடும்.